காப்புக் கட்டுவதற்கு முன்னால்

மருதுபாண்டி மேல் சாமி வந்ததே இல்லை. இந்த உண்மை தனக்கும் தன் மனைவி முருகலட்சுமிக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவன் நினைத்திருந்தான். ஆவரனேந்தல் ஊரைக் கேட்டால் கதை வேறு. முனியசாமி இறங்கி ஆடுவதற்கென்று ஊருக்குள் இருக்கிற ஒரே உடம்பு அவனுடையது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சொந்த ஊரில் சாமியாடியாக இருப்பது பெருமைதான், யார் இல்லையென்றது? ஆனால் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குச் சுவரில் ஓர் ஆணி இருப்பதுபோல, அந்தப் பெருமையைக் கழற்றி மாட்டவும் ஓர் ஆணி வேண்டுமே. அதைத் தேடித்தான் மருதுபாண்டி பல வருடமாக அலைந்துகொண்டிருந்தான்.

பிழைப்புக்கு அவன் செய்தது கார் எலக்ட்ரிக்கல் வேலை. ஐ.டி.ஐ. முடித்து, மதுரையில் ஒரு பட்டறையில் வேலை பழகி, அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டோரம் சொந்தமாகக் கடை போட்டான். ஹாரன், பேட்டரி, செல்ப் மோட்டார் என்று எது வந்தாலும் பார்ப்பான். ஆல்டர்னேட்டர் என்றால் மட்டும் அவனுக்குத் தனிப் பிரியம். அந்தப் பக்கத்தில் அதற்கு இன்னும் டைனமோ என்றுதான் பெயர். எஞ்சின் ஓடுகிற ஓட்டத்திலேயே கரண்டு எடுத்து பேட்டரிக்கு ஏற்றும் சாமான் அது. பிரித்துப் போட்டுவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணி நினைவு வராது.

அவன் கடை போட்ட புதிதில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஊரின் பழைய சாமியாடி இருளப்பசாமி செத்துப்போய் வந்த முதல் பங்குனிப் பொங்கல். உறுமிக்காரர்கள் கை வீங்க அடிக்கிறார்கள், பங்காளிகள் வரிசையாக நிற்கிறார்கள், ஒருவர் உடம்பிலும் அசைவில்லை. சாமி கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று பெண்கள் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, கோயிலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரில் கோளாறு. சீரியல் பல்புகள் கண் கூசும்படி எரியத் தொடங்கின. “டேய் மருது, என்னன்னு பாருடா” என்று யாரோ சொல்ல, அவன் போனான்.

காரில் இருப்பது போலவே ஜெனரேட்டருக்குள்ளும் ஒரு ரெகுலேட்டர் உண்டு. கரண்டு அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அது செத்துப்போய், வோல்டேஜ் தறிகெட்டு ஏறி, உள்ளே ஏதோ ஒரு வயர் உருகி இரும்புக் கூட்டோடு ஒட்டியிருந்தது. மருதுபாண்டிக்கு வெறுங்கால். தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர். கையை வைத்தான்.

தூக்கி எறிந்த எறியில் அலறிக்கொண்டு போய் உறுமிக்காரர்களுக்கு நடுவில் விழுந்தான். அதே நொடியில் பல்புகள் எல்லாம் படபடவென்று வெடித்து, கோயில் வாசல் இருண்டது. ஒரு சாமி வந்து இறங்குவதற்கு இதைவிட என்ன வேண்டும்? குலவைச் சத்தம் கிளம்பியது. செத்துப்போன இருளப்பசாமியின் மகன் உக்கிரபாண்டி, மருதுபாண்டிக்குப் பெரியப்பா முறை, முதல் ஆளாக ஓடிவந்து அவன் காலில் விழுந்தார். நாக்கு மரத்துப்போய் அவனுக்குப் பேச்சு வரவில்லை. உடம்பு தன்பாட்டுக்கு உதறிக்கொண்டிருந்தது. பேச்சு திரும்பியபோது கழுத்தில் மாலை இருந்தது, கையில் அரிவாள் இருந்தது, எதிரே அவனுடைய அம்மா பிச்சையம்மாள் கண்ணீர் வடியக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து, ‘எனக்குக் கரண்டு அடிச்சிருச்சு’ என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? அவனுக்கு வரவில்லை.

அடுத்த வருடம் நடித்தான். உறுமி ஏறுகிற நேரம் அந்த ஜெனரேட்டரை நினைத்துக்கொள்வான், உடம்பு தானாக உதறும். அதற்குப் பிறகு நடிப்பதற்குக்கூட அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. சிரமமெல்லாம் மற்ற நாட்களில்தான். சாவு விழுந்த கேத வீட்டில் கை நனைக்கக் கூடாது. காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பெண்டாட்டி பிள்ளையோடு ஒட்டி உறவாடக் கூடாது. பங்குனி வெயிலில் தார் ரோட்டோரம் வெறுங்காலோடு நின்று கார் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் மகள் சுவாதி மடியில் ஏறாமல் தள்ளி நின்று கும்பிடுவாள். அந்தக் கும்பிடு அவனுக்கு நெஞ்சில் குத்தும்.

கடையிலும் விடமாட்டார்கள். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, “சாமி, காணாமப்போன கெடாய் கெழக்க போயிருக்குமா, மேக்க போயிருக்குமா?” என்பார்கள். அவன் எரிச்சலில் கிழக்கே என்பான். கண்மாய் கிழக்கே இருந்ததால் ஆடு பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். இப்படித்தான் அவன் வாக்குக்குப் பேர் வந்தது.

ஒருமுறை பிய்த்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்ப் பார்த்தான். அந்த வருடம் பார்த்து மழை ஏமாற்றியது. கண்மாயில் கால் நனைக்கத் தண்ணீர் இல்லை. ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஜன்னலோரச் சீட்டில் உட்காரவைத்து, வழியில் இளநீர் வெட்டிக் கொடுத்து, கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடித்து இழுத்துப் போனால் திமிறலாம். மரியாதையாகப் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது? அவன் இளநீரைக் குடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தான்.

இந்த வருடம்தான் உண்மையிலேயே ஒரு வழி திறந்தது. மதுரைப் பட்டறையில் கூட வேலை பார்த்த ஆனந்தகுமார் கோயம்புத்தூரில் பெரிய கார் சர்வீஸ் கம்பெனி ஒன்றில் போர்மேனாக இருந்தான். “ஏலே, இனிமே எல்லாம் பேட்டரி கார்தான். நீ இன்னும் அங்கன கெடந்து ஹாரனுக்கு வயர் சுத்திக்கிட்டு இருக்க. திங்கக்கெழமை வந்து சேரு, எடம் சொல்லி வச்சிருக்கேன்” என்று போனில் சொன்னான். அந்த வேலையைவிட, தன்னை யாரும் சாமி என்று கூப்பிடாத ஓர் ஊரை நினைத்துத்தான் மருதுபாண்டிக்கு ஆசை பொங்கியது.

முருகலட்சுமி அதைவிடத் தீர்மானமாக இருந்தாள்.

“இந்த வருசமும் காப்புக் கட்டிக்கிட்டீங்கன்னா நான் இங்க இருக்க மாட்டேன். கோயம்புத்தூர்ல எங்க அக்கா இருக்கு. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அங்க போயிருவேன். எனக்குப் புருசன் வேணும், சாமி வேண்டாம்.”

காப்புக் கட்டு சனிக்கிழமை சாயங்காலம். கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை அசைய முடியாது, கோயம்புத்தூரும் போச்சு, குடும்பமும் போச்சு. அதற்குள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். சொல்லாமல் போனால் மறுபடியும் வேன் வரும். ஆகவே உள்ளதைச் சொல்லிவிட்டுப் போவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். எனக்கு வந்தது சாமி இல்லை, கரண்டு. இந்த ஒரு வார்த்தையை இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்ததே இப்படி ஒரு நாளைக்காகத்தான் என்று மருதுபாண்டிக்குத் தோன்றியது. சொன்னால் காறித் துப்புவார்கள், ஊரைவிட்டுப் போடா என்பார்கள். அதுதானே வேண்டும்!

சனிக்கிழமை காலையில் உக்கிரபாண்டியே கூப்பிட்டார். “டேய் மருது, கார்ல செவப்பா பேட்டரி லைட்டு எரியுதுடா. நரிக்குடி போயி பொங்கப் பானை ஏத்திட்டு வரணும். வந்து பாரு.”

பைகளைக் கட்டிக்கொண்டிருந்த முருகலட்சுமியிடம், “அவுககிட்டயே சொல்லிட்டு வாரேன்” என்றான். காப்புக் கட்டுவதை நடத்துகிறவரே அவர்தான். அவரிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி.

கார் வேப்பமர நிழலில் நின்றது. உக்கிரபாண்டி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மருதுபாண்டி முதலில் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தான், தொய்வில்லை. காரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி பேட்டரியில் மீட்டரை வைத்தான். எஞ்சின் ஓடும்போது பதினாலு வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டிய மீட்டர் பன்னிரண்டுக்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. டைனமோ கரண்டு கொடுக்கவில்லை, கார் பேட்டரியைத் தின்று ஓடிக்கொண்டிருக்கிறது.

“என்னடா, டைனமோவையே மாத்தணுமா?”

“கழட்டிப் பாத்தாத்தான் தெரியும் பெரியப்பா.”

எஞ்சினை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்மூடியைத் திறந்தான். ரெகுலேட்டரும் கார்பனும் ஒரே கூட்டில் இருந்தன. ஸ்குரூக்களைக் கழற்றி வெளியே எடுத்தான். கார்பன் என்பது பென்சில் கரி மாதிரி ஒரு சின்னக் கட்டி. உள்ளே சுற்றுகிற செப்பு வளையத்தை அது எந்நேரமும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும். விலகவும் முடியாது, தேயாமல் இருக்கவும் முடியாது. இரண்டு கார்பனில் ஒன்று கூட்டின் விளிம்புவரை தேய்ந்திருந்தது. இன்னொன்று தூசி அடைத்து உள்ளேயே சிக்கிக்கொண்டு, வளையத்தைத் தொடவே இல்லை. ரெகுலேட்டரின் முதுகும் சூட்டில் பொரிந்திருந்தது.

“ரெகுலேட்டரும் கார்பனும் போச்சு பெரியப்பா. செட்டா மாத்திருவோம். மத்தது நல்லாத்தான் இருக்கு.”

வளையங்களில் படிந்திருந்த கறுப்பை நைசான உப்புத்தாள் வைத்து, விரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்தான். செப்பு நிறம் வந்ததும் மீட்டரை வைத்து, வளையத்துக்கு வளையம் தொடர்பு இருக்கிறதா, வளையத்திலிருந்து இரும்புக்குக் கசிவு இல்லையா என்று பார்த்தான். அந்த இரண்டாவது சோதனையைச் செய்யும்போது அவன் கை தானாக நின்றது. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் வராது என்று பட்டது.

“பெரியப்பா, கரண்டு போக வேண்டிய வழியில போகாம இரும்புக்குக் கசிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?”

“என்ன ஆகும்?”

“தொட்டவனைத் தூக்கி அடிக்கும். இது காரு, சின்னக் கரண்டு, ஒண்ணும் பண்ணாது. ஜெனரேட்டருன்னா ஆளையே எறிஞ்சிரும்.” பழைய ரெகுலேட்டரைக் கையில் தூக்கிக் காட்டினான். “இது மாதிரி ஒண்ணு செத்துப்போயித்தான் அன்னைக்குப் பல்பெல்லாம் வெடிச்சுச்சு. இது மாதிரி ஒண்ணு செத்துப்போயித்தான் நான் அலறிக்கிட்டு வந்து விழுந்தேன். எனக்குச் சாமி வரல பெரியப்பா. கரண்டு அடிச்சுச்சு. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் நான் ஆடுனதெல்லாம் நடிப்பு. உங்க கால்ல விழுந்து கேக்குறேன், என்னைய விட்டுருங்க.”

சொல்லிவிட்டான். நெஞ்சு லேசாகிவிட்டது. இனி அவர் எழுந்து செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான்.

உக்கிரபாண்டி வெற்றிலையை மெதுவாக மென்றார். முகத்தில் கோபமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை.

“தெரியும்டா” என்றார்.

“என்னது?”

“கரண்டு அடிச்சது தெரியும். லைட்டுக்காரன் மறுநாளே வயரக் காட்டிச் சொல்லிட்டான். பாதி ஊருக்குத் தெரியும்.”

மருதுபாண்டி பதறிப் போய், “அப்புறம் ஏன் பெரியப்பா?” என்று கத்தினான்.

“எங்கய்யாவுக்குச் சாமி எப்பிடி வந்துச்சு, தெரியுமா உனக்கு? தேள் கொட்டி. வரிசையில நின்னவருக்குப் பெருவெரல்ல தேள் கொட்டிருச்சு, துள்ளுனாரு, மாலையப் போட்டுட்டாக. சாகக் கெடக்கும்போது என்கிட்டதான் சொன்னாரு. ஆனா கடைசி வரைக்கும் ஆடுனாருல்ல? அவரு வாக்கு பலிச்சுச்சா இல்லையா? ஏதோ ஒரு சாக்கு வச்சுத்தாண்டா அது வரும். தேளுல வந்த சாமி கரண்டுல வரக் கூடாதா?”

“நடிக்கிறேன்னு சொல்றேன் பெரியப்பா, வாயத் தெறந்து சொல்றேன்!”

“நீ அப்பிடி நெனச்சுக்கிட்டு இருக்க.”

உக்கிரபாண்டி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீயும் மனசு விட்டுச் சொன்ன, நானும் சொல்றேன். எங்கய்யா மகன் நான். அன்னைக்கு எம்மேலதான் எறங்கும்னு ஊரே என்னையப் பாத்துக்கிட்டு நிக்குது. எனக்குக் குலை நடுங்குது, எங்கய்யா பட்ட பாடெல்லாம் கண்ணால பாத்தவன்ல. வந்துராத சாமி, வந்துராதன்னு கால்வெரலத் தரையில ஊனிக்கிட்டு நின்னேன். நீ வந்து விழுந்த. மொத ஆளா உன் கால்ல விழுந்தேன்ல, அது பக்தியில இல்லடா. தப்பிச்சோம்டான்னு விழுந்தேன்.” அவர் கண் கலங்கியிருந்தது. “நீ போனா அது திரும்ப எங்க வீட்டுக்குத்தான் வரும். எம்மகன் அசோக்கு இப்பத்தான் சிங்கப்பூர்ல வேரூனி இருக்கான். அவனைக் கூப்பிடச் சொல்லுவாக. நான் எப்பிடி உன்னைய விடுவேன்?”

மருதுபாண்டியின் கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்தது. பையில் கொண்டுவந்திருந்த புதுக் கூட்டின் கார்பன்களை உள்ளே அமுக்கி, ஓட்டையில் ஒரு கம்பியைச் செருகி நிறுத்தி, கூட்டை உட்காரவைத்து ஸ்குரூவை முடுக்கினான். கம்பியை உருவியதும் கார்பன் இரண்டும் ‘டிக்’ என்று வளையத்தின் மேல் போய் உட்கார்ந்தன. மூடியை மாட்டி, பேட்டரி வயரைக் கட்டி, ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். சிவப்பு விளக்கு அணைந்தது. மீட்டர் பதினாலைத் தாண்டிப் போய் அசையாமல் நின்றது. ஹெட்லைட்டைப் போட்டும் இறங்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அந்த எண்ணைப் பார்த்து ஒரு நிமிடம் சந்தோசப்பட்டிருப்பான்.

உக்கிரபாண்டி காரை எடுக்கும்முன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். காலையில் ‘டேய் மருது’ என்று கூப்பிட்ட அதே வாயால், “சாயங்காலம் குளிச்சிட்டு வந்துருங்க சாமி” என்றார்.

வீட்டில் பைகள் வாசலில் இருந்தன. அவன் அம்மா பிச்சையம்மாள் காப்புக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. மருமகள் அக்கா வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தாள், அவ்வளவுதான்.

முருகலட்சுமி அவனை உள்ளே கூட்டிப்போய்க் கேட்டாள். “சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாக?”

“அவுகளுக்கு அப்பவே தெரியுமாம். பாதி ஊருக்குத் தெரியுமாம்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பறம் என்ன? நல்லதாப் போச்சு. சட்டைய மாத்துங்க, கெளம்புவோம்.”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். இந்த நிமிடம் எழுந்து போயிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது, பஸ்ஸும் வரத்தான் போகிறது. ஆனால் இத்தனை வருடமும் அவனிடம் ஓர் உண்மை இருந்தது. தனக்குள் சாமி இல்லை என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. பெரியப்பா அதை வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டு, இதுவும் சாமிதான் என்று அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒருவேளை அப்படித்தானோ? போன பிறகு மழை பெய்யாவிட்டால்? வெளியே மஞ்சள் இடிக்கிற அம்மாவின் முகத்தை ஊர் எப்படிப் பார்க்கும்? அவனுக்குப் பயமாக இருந்தது. பயமென்றால் சாதாரணப் பயமில்லை, எழுந்து நிற்கக் கால் வரவில்லை.

“நீங்க முன்னாடி போங்க லட்சுமி” என்றான். “நான் காப்பு அவுத்ததும் வாரேன்.”

அது நடக்காது என்று இருவருக்கும் தெரியும். முருகலட்சுமி அவனை வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பையைத் தோளில் போட்டாள். வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி வந்து, சாமி படத்துக்குக் கீழே இருந்த திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து அவன் முன் நீட்டினாள்.

“தூரப் பயணம். பாப்பாவுக்கும் எனக்கும் பூசி விடுங்க.”

“லட்சுமி… உனக்குமா?”

அவள் தலையைக் குனிந்தாள்.

இந்த உலகத்தில் தன்னை மனுசன் என்று அறிந்திருந்த ஒரே ஒருத்தி அவள். மருதுபாண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தான், தோள் குலுங்கியது. திருநீற்றை எடுத்த கை நடுங்கி, பாதி தரையில் கொட்டியது. பல்லைக் கடித்தான், அப்படியும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வெளியே வந்தது.

சுவாதி ஓரடி பின்னால் போய், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, அப்பாவுக்குச் சாமி வந்துருச்சு” என்றாள்.

முருகலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பினாள்.